கிராணி வீட்டுச் சுவருக்கு இரண்டு மஞ்சள்

வள்ளி, சண்முகம், பாக்கியம், மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். போன வாரம் நான் சிலாங்கூர் ஆற்றைப் படகில் கடந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "முதலை வந்ததாப்பா?" என்று பாக்கியம் கேட்டாள். வரவில்லை. இந்த வாரமும் முதலை வராது. இரண்டு பலகையும் ஒரு நாற்காலியும்தான் வரும்.

காலை பத்து மணி இருக்கும். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி வீட்டு முன்கூடத்தில் நான் நிற்கிறேன். இடது கையில் ஒரு பலகை, வலது கையில் ஒரு பலகை. இரண்டிலும் முந்தின நாள் பூசிக் காய்ந்த சாயம். சாயத்தில் கலந்த வச்சிரப் பசையின் வாடை இன்னும் போகவில்லை. எனக்கு எதிரே, சன்னலை ஒட்டிப் போட்ட நாற்காலியில், கிராணியின் மூத்த மகள் இராசமணி பாப்பா உட்கார்ந்திருந்தது.

பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பாப்பா என்கிறேனே என்று சிரிக்காதீர்கள். கிராணி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை வயதானாலும் எங்களுக்குப் பாப்பாதான்.

"கருப்பையா, பலகையை முகத்துக்குக் கிட்டப் பிடியும்," என்றார் கிராணி அம்மா. "இன்னும் கிட்ட."

பிடித்தேன். முதலில் இடது பலகை, பிறகு வலது பலகை. கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். மறுபடியும் கிட்டப் போனேன். எனக்கு அப்போது வேறு நினைவே இல்லை. ஒரு பெண் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பலகையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பதுகூட மனதில் படவில்லை.

பாப்பா தலையை அசைக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டது.

"கருப்பையாண்ணை, என்னை எந்த நம்பரிலை போடப்போறியள்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா மகளை அதட்டினார். நான் திரும்பவும் பலகையைத் தூக்கினேன்.

ஸ்டோர் சன்னல்

அந்த 'நம்பர்' என்னவென்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எனக்கு அப்போது ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கும் இடம் இல்லை. பால் மரம் என்கிற ரப்பர் மரத்துப் பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, புகை போட்டு எடுக்கும் இடம். புகைக் கூடத்திலிருந்து வருகிற தகடுகளை ஒவ்வொன்றாக வடக்குச் சன்னலில் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். குமிழி இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா, நிறம் ஒரே சீராக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று பிரிக்க வேண்டும். அதுதான் என் வேலை.

பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வேலையில் எனக்குக் கண் நன்றாக இருந்தது. மற்றவர்களுக்கு ஒரே தேன் நிறமாகத் தெரிகிற இரண்டு தகடுகளில், எது ஒரு நாள் கூடுதலாகப் புகை குடித்தது என்று சொல்லிவிடுவேன். துரை ஒரு தடவை சோதித்துப் பார்த்தார். பத்துத் தகடுகளைக் கலைத்துப் போட்டார். பத்தையும் சரியாகச் சொன்னேன். அன்றிலிருந்து நிறம் என்று யார் பேச்செடுத்தாலும், "கருப்பையாவைக் கேள்" என்பார்கள். ஊரிலிருந்து வந்த சேலைக்குச் சாயம் நிற்குமா என்று கேட்கக்கூட, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வருவார்கள்.

உங்கள் அம்மா மட்டும் மயங்கவில்லை. கிராணி வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது அவள் சொன்னாள்: "நேத்து நான் எந்தச் சேலை கட்டியிருந்தேன்னு கேட்டா முழிப்பீங்க. கிராணி வூட்டுக்குச் சுவரு பாக்கப் போறீங்களாக்கும்."

முழிக்கத்தான் செய்தேன். நீலச் சேலை என்றேன். அது பச்சையாம்.

மூன்றாவது வரவு

கிராணி குடும்பம் யாழ்ப்பாணத்தார். தோட்டத்துக் கணக்கெல்லாம் கிராணி ஐயாவின் கையில். அமைதியான மனிதர். வீட்டு விஷயத்தில் அம்மா சொல்வதுதான்.

இராசமணி பாப்பா கிள்ளானில் ஏழாவது வரை படித்தது. தையல் தெரியும், வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. நல்ல கறுப்பு நிறம். என் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், இரண்டு மாப்பிள்ளையும் அரசாங்க உத்தியோகம். இரண்டு வீட்டாரும் பலகாரம் சாப்பிட்டார்கள், நன்றாகப் பேசினார்கள், போன பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பெண் பிள்ளையை அவர்கள் பெட்டை என்பார்கள். பெட்டையின் நிறம் போதாதாம்.

மூன்றாவதாகக் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. இதுவும் தட்டிப்போனால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், அம்மாவின் தமையன் மகன் ஒருவர் மனைவியை இழந்து இருக்கிறாரே, அவருக்கே கட்டிவைப்பது என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பாப்பாவின் காதிலும் அது விழுந்திருக்கும். பலகை வீட்டில் எந்தப் பேச்சும் ஒரு அறைக்குள் நிற்காது.

அம்மா யோசித்து யோசித்துக் கடைசியில் பழியைச் சுவரின் மேல் போட்டார். முன்கூடம் சாயம் பூசாத பலகை. விளக்குப் புகையும் வருஷக்கணக்கான அழுக்கும் ஏறி, சட்டி அடிபோல இருந்தது. அந்த இருட்டில் உட்கார வைத்தால் எந்தப் பெண்தான் எடுப்பாகத் தெரியும்? வெளிச்சமான சுவர் வேண்டும், அதுவும் பிள்ளையின் முகத்தைத் தூக்கிக் காட்டுகிற நிறமாக வேண்டும். அம்மாவின் கணக்கு இது. எனக்கும் அது சரியாகவே பட்டது.

சாமா லா

தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த பூச்சு இரண்டுதான். லயத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளைச் சுண்ணாம்பு, அடியில் முழங்கால் உயரத்துக்குத் தார். சுண்ணாம்பு அடிக்கிற அன்றைக்குக் கோழி, நாய், பிள்ளைகள் எல்லாம் வெள்ளையாகத் திரியும். சண்முகம், நீ ஒரு தடவை தார் வாளியில் காலை விட்டுவிட்டு மூன்று நாள் ஒற்றைக் காலில் செருப்புப் போட்டதுபோல அலைந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நிறம் வேண்டுமானால் கோலசிலாங்கூருக்குப் போக வேண்டும். கிராணி ஐயா என்னை மாட்டு வண்டியில் அனுப்பினார். அங்கே ஒரு சீனர் கடையில் வர்ணப் பொடி வைத்திருந்தார்கள். சீமைச் சுண்ணாம்புத் தூளும் காய்ச்சிய வச்சிரமும் சேர்த்துக் கரைத்தால் பலகையில் பிடிக்கும். அம்மா கேட்டது வெளிர் மஞ்சள். கடைக்காரர் இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"எது நல்லது?" என்று மலாயில் கேட்டேன்.

"ரெண்டும் சாமா லா," என்றார். இரண்டும் ஒன்றுதானாம்.

ஒன்று இல்லை. எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. ஒன்று புது வெண்ணெய் நிறம், அதற்கு அடியில் ஒரு பொட்டு எலுமிச்சைப் பச்சை. மற்றது உருக்கின நெய் நிறம், அதற்கு அடியில் ஒரு பொட்டுச் சிவப்பு. கடைக்காரரைக் கதவடிக்குக் கூட்டி வந்து வெளிச்சத்தில் காட்டினேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு பலகையில் பூசிக் காயவைத்தேன்.

அந்தப் பலகைகளைத்தான் பாப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நெய்ப் பலகையை வைத்தால் முகமும் சுவரும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. வெண்ணெய்ப் பலகையை வைத்ததும் முகம் துலக்கிய வெண்கலம்போலப் பளிச்சென்று தனியாக வந்தது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"வெண்ணெய்தானம்மா," என்றேன்.

"வடிவாப் பாத்தீரா?" நன்றாகப் பார்த்தீரா என்று அம்மா கேட்கிறார்.

"பத்துத் தகட்டுல பத்தும் சொன்னவன்மா நான்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பாப்பா எழுந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு நாளில் கூடம் முழுவதும் பூசி முடித்தேன். பார்த்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கிராணி ஐயாகூட, "நல்லாத்தான் இருக்குது," என்றார்.

முப்பத்தொரு நாள்

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அந்தக் குடும்பத்தாருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, நாம் சொல்கிற தீட்டு. துடக்குக் கழியாமல் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். அது கழிந்து வருகிறோம் என்றார்கள்.

அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. சுவர் எங்கே போய்விடப்போகிறது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிள்ளைகளே, நான் சாயம் பார்த்தது மாசி மாதத்தில். மாசியில் பால் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். பால் குறைந்துபோகும், ஸ்டோரில் வேலையும் குறையும். அதனால்தான் சுவர் பார்க்கவும் கடைக்குப் போகவும் எனக்கு நேரம் கிடைத்தது. கிராணி வீட்டுச் சன்னல் பக்கம் வேலி வரைக்கும் பால் மரம். அன்றைக்கு அத்தனையும் வெறும் குச்சி. வானத்து வெளிச்சம் நேராக உள்ளே வந்து விழுந்தது.

இதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஏனென்றால் ஸ்டோரைச் சுற்றி மரமே கிடையாது. நெருப்புக்குப் பயந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். என் சன்னலில் தையும் மாசியும் சித்திரையும் ஒரே வெளிச்சம்தான். அந்தச் சன்னலில் நின்று நின்று, உலகத்து வெளிச்சமெல்லாம் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

பெண் பார்க்க வருகிற நாள் காலையில், இளநீர் வெட்டிக் கொடுக்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்துக்குள் காலை வைத்ததும் சன்னலைத்தான் பார்த்தேன். மரமெல்லாம் புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிட்டது. சன்னல் வழியாக வருகிற வெளிச்சம் முழுக்கப் பச்சை. வெண்ணெய்க்கு அடியில் இருந்த அந்த ஒரு பொட்டுப் பச்சை மேலே வந்துவிட்டது. கூடம் முழுவதும் பாசி பிடித்த தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எப்படியோ அப்படி இருந்தது. கதவோரம் நின்ற கிராணி ஐயா பத்து நாள் காய்ச்சல்காரர்போலத் தெரிந்தார்.

அந்த வீட்டார் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால், நாளுக்கு நாள் மாறினது அவர்கள் கண்ணில் படவில்லை. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, நெய்ப் பலகையைத்தான் சொல்லியிருக்க வேண்டும், இலை வரும் என்பதை நினைக்கவில்லை என்றேன். அம்மா மாவுக் கையோடு கூடத்துக்கு வந்து பார்த்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "இப்ப வந்து சொல்லுறீரே," என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. சன்னலுக்கு வெளியே, மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், வெள்ளை வேட்டி இரண்டைக் கட்டிவிட்டால் பச்சை குறையும். வேட்டியும் கயிறும் தாருங்கள், அரை மணியில் கட்டிவிடுகிறேன் என்றேன். அம்மா பெட்டியைத் திறக்கப் போனார்.

பாப்பா உள் அறையிலிருந்து வந்தது. தலை வாரி, பூ வைத்து, ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தது.

"ஒண்டும் கட்டவேண்டாம்," என்றது. "இந்த மரத்துக்குக் கீழைதானே நான் பிறந்ததிலையிருந்து இருக்கிறன். வாறவையும் இந்த வெளிச்சத்திலையே பாக்கட்டும்."

"உனக்கு என்ன தெரியும்? கறுத்துப்போய்த் தெரிவாய்," என்றார் அம்மா.

"நான் கறுப்புத்தானே அம்மா."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே என்று சொல்வதுபோலச் சொன்னது. பிறகு மற்றத் தோட்டைப் போட உள்ளே போய்விட்டது. அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. நான் கயிறு கேட்கவில்லை.

முற்றத்தில்

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய தாயார், தாய்மாமன். தாயார் நல்ல சிவப்பு, அது அவருக்கும் தெரியும். நான் விறாந்தைப் படியில் உட்கார்ந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்ததால் உள்ளே நடப்பது பார்க்கவும் கேட்கவும் முடிந்தது.

பாப்பா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே இடத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ரயில் நேரம், அசாம் ஜாவா சாலையில் இருக்கிற சேறு என்று பேச்சு ஓடியது. பிறகு தாயார் தன் அண்ணன் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பலகை வீடு.

"பெட்டை நிறம் நல்லா மட்டுப்போலை." நிறம் குறைவு என்று அர்த்தம்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கிராணி அம்மா சுவரைப் பார்த்தார். கிராணி ஐயா தரையைப் பார்த்தார்.

பாப்பாதான் வாயைத் திறந்தது. மரியாதையாகவே சொன்னது.

"மாமி, இந்தக் கூடத்திலை இப்ப எல்லாரும் ஒரு மாதிரித்தான் தெரியினம். உங்கட முகமும் பச்சையாத்தான் இருக்கு. வெளியிலை வெயில் இருக்குது. அங்கை வாங்கோ, நான் கதிரை போடுறன். வடிவாப் பாக்கலாம்."

தாயார் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், அவரும் பச்சைதான். தாய்மாமன் அடக்கவில்லை. "தங்கச்சி, நீ பாகற்காய் மாதிரி இருக்கிறாய்," என்றார்.

பாப்பா இரண்டு நாற்காலியை முற்றத்துக்குத் தூக்கி வந்தது. மூன்றாவதை மாப்பிள்ளை தூக்கி வந்தார். வெயிலில் பாப்பா இன்னும் கறுப்பாகத்தான் தெரிந்தது. மறைக்க அங்கே ஒன்றும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. மாப்பிள்ளை என்ன படித்தீர்கள் என்று கேட்டார். பாப்பா சொல்லிவிட்டு, அவருக்கு ராத்திரி வேலையும் உண்டா என்று திருப்பிக் கேட்டது. மாப்பிள்ளை அதற்கு நீளமாகப் பதில் சொன்னார். நான் போய் இளநீரைக் கொடுத்தேன். தாயார் அதைக் குடித்துவிட்டு, போகும்போது பாப்பாவின் தலையில் கை வைத்தார். முழு மனதோடு வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. கை வைத்ததைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்துச் சம்மதம் என்று கடிதம் வந்தது. மாப்பிள்ளையே எழுதியிருந்தார். ஆவணியில் கலியாணம்.

ராசியான சாயம்

சிரிக்க வேண்டியது இனிமேல்தான். அந்தச் சுவர் ராசியான சுவர் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்குத் தெரிந்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மூன்று கிராணி வீடுகளில் அதே வெண்ணெய் நிறத்தைப் பூசினார்கள். கோலசிலாங்கூர் கடைக்காரர் அந்தப் பொட்டலத்தை முன்னால் எடுத்து வைத்துவிட்டாராம். பூசுவதற்கு முன்னால் என்னையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் போவேன். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். "சன்னலுக்கு வெளியே மரம் இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். அதைப் பெரிய சூட்சுமம் என்று நினைத்துக்கொண்டார்கள். தப்பாகச் சொன்ன நிறம் என்று நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அது இரண்டாவது தப்பு.

முதல் தப்பு இலையை மறந்தது இல்லை. எந்த நம்பரில் போடப்போகிறீர்கள் என்று பாப்பா கேட்டபோது நான் சிரித்தேனே, அதுதான்.

அன்று பெண் பார்த்தவர்கள் போன பிறகு நான் லயத்துக்கு வந்தேன். நாலு மணி இருக்கும். உங்கள் அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். வள்ளி, நீ ஐந்து மாதக் குழந்தை, தூளியில் விழித்துக்கொண்டு கிடந்தாய். சண்முகமும் பாக்கியமும் பிறக்கவில்லை.

நீ என் நிறத்தில் பிறந்தாய். பெண் பிள்ளை, வெயில் பட்டால் இன்னும் கறுத்துவிடும் என்று சொல்லி, உன்னை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உங்கள் அம்மாவுக்கு உத்தரவு போட்டிருந்தது நான்தான். அவள் தண்ணீருக்குப் போனாலும், துவைக்கக் கிணற்றடிக்குப் போனாலும் உன்னை உள்ளேயே விட்டுவிட்டுப் போவாள்.

உன்னைத் தூளியிலிருந்து எடுத்தேன். லயத்துக்குப் பின்னால், மரம் இல்லாத மேட்டில், வெயில் முழுதாக விழுகிற இடத்துக்கு நடந்தேன். யாரும் இல்லை. புல்லில் உட்கார்ந்து உன்னை மடியில் மல்லாக்கப் போட்டு, மேலே சுற்றியிருந்த துணியை எடுத்தேன். நீ கண்ணைச் சுருக்கி ஒரு தும்மல் போட்டாய். பிறகு காலை உதைக்க ஆரம்பித்தாய்.

உங்கள் அம்மா குடத்தோடு திரும்பி வருகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.